புக்கு கீழ இருக்கு

அந்த ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி விடுங்க டீச்சரம்மா, காத்து பிள்ள மூஞ்சியில அடிக்குது. ஆங், போதும். டீச்சர்னு எப்படித் தெரியும்னு பாக்குறீங்களா? பைக்குள்ளருந்து பரீட்சைப் பேப்பரு எட்டிப் பாக்குதே, செவப்பு மையில சுழிச்சு வச்சிருக்கீங்க. இங்க தமிழ்ப் பள்ளிக்கூடத்துல வேலையா? கம்பத்துலருந்து தினமும் மலையேறி வந்துட்டுப் போறீங்களாக்கும். நல்லது. நம்ம பேச்சுப் பேசுற ஆளு பக்கத்துல இருந்தா ஒரு தெம்புதான். இந்த பஸ்ஸு டிரைவரைப் பாருங்க, டீக்கடையில பேப்பரை விரிச்சு உக்காந்துட்டாரு. விளம்பரம் வரைக்கும் படிச்சுட்டுத்தான் எந்திரிப்பாரு போல.

ஆமா, சூடாத்தான் இருக்கான். காலையிலருந்தே கணகணன்னு இருக்கு. வயித்தால வேற போகுது, அஞ்சாறு தடவ ஆகிப்போச்சு. பல்லு மொளைக்கிற நேரம், அப்படித்தான் இருக்கும். பால்பவுடரு கரைச்சுக் குடுத்தேன், வேணாம்னு தலையத் திருப்பிக்கிட்டான். இப்பத் தூங்குறான். கீழ எறங்குனதும் நேரா நம்ம ஆஸ்பத்திரிக்குத்தான் போறேன். புக்கு அங்கதான இருக்கு.

தடுப்பூசி போட்ட புக்கு டீச்சரம்மா. பொறந்ததுலருந்து எல்லாம் அதுல எழுதியிருக்கு. வீட்டுல பீரோவுல, துணிக்கு அடியில, பிளாஸ்டிக் கவருக்குள்ள போட்டு வச்சிருக்கேன். இந்த விசயத்துல என்னை ஒருத்தரும் குத்தம் சொல்ல முடியாது. 

என்னது, இங்கயா? அந்தா தெரியுற கட்டடமா? தெரியும், தெரியும். அது எனக்குத் தெரியாத ஆஸ்பத்திரி இல்ல. இங்க வேணாம் டீச்சரம்மா. இந்தக் கேரளாவுல நாம வெளி மாநிலத்து ஆளுங்க. போயி நின்னா எந்த ஊரு, கார்டு எங்க, இங்க எதுக்கு வந்தன்னு ஆயிரம் கேள்வி வரும். பதில் சொல்றதுக்குள்ள நம்ம ஊரு போயிரலாம்.

எங்கப்பா காலத்துலயே பட்டாச்சு. இந்த மலையிலதான் ஏலத்தோட்டத்துல வேலை பாத்தாரு. மரம் கவாத்துப் பண்ணும்போது விழுந்து தொடை எலும்பு ஒடஞ்சுபோச்சு. இந்தப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிட்டுப் போனாங்க. கட்டுப் போட்டாங்க, ஊசி போட்டாங்க, எல்லாம் பண்ணாங்க. ஆபரேசன் பண்ணணும்னதும் இன்சூரன்ஸ் கார்டைக் கேட்டாங்க. ஜன்னலுக்குப் பின்னால ஒரு ஆளு, எங்க கார்டைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, இது தமிழ்நாட்டுக் கார்டு, இங்க செல்லாது, கீழ கொண்டு போங்கன்னுட்டாரு. அவ்வளவுதான். ஒடஞ்ச காலோட ஜீப்புல போட்டு, வளைவுக்கு வளைவு எங்கப்பா கத்துன கத்து எனக்கு இன்னும் காதுல கேக்குது. அன்னைக்கு முடிவு பண்ணேன், நமக்கு வைத்தியம்னா அது கீழதான்.

அது ஆபரேசன் இன்சூரன்ஸு, இது வேறங்குறீங்களா? நீங்க படிச்சவங்க, பிரிச்சுப் பேசுறீங்க. எங்களுக்கு எல்லாம் ஒண்ணுதான்.

இது என் பிள்ள இல்ல டீச்சரம்மா. என் தங்கச்சி பிள்ள. நான் பெரியம்மா. எம்பேரு பவுனுத்தாய், திராட்சைத் தோட்டத்துல வேலை பாக்குறேன். எங்க ரேஷன் கார்டுல மொதல்ல நாலு பேரு. அப்பா, அம்மா, நான், தங்கச்சி சுருளீஸ்வரி. ஈசுன்னு கூப்பிடுவோம். அப்பா போயி மூணாச்சு, அம்மா போயி ரெண்டாச்சு. எனக்கு ஒரு கல்யாணம் நடந்துச்சு, அந்தாளு பேரு கார்டுல ஏறுறதுக்குள்ள அந்தாளே எறங்கிப் போயிட்டான். அது கெடக்கட்டும். ஈசு எனக்கு பன்னெண்டு வயசு எளையவ. நான்தான் தலை பின்னி விட்டேன், நான்தான் சடங்கு சுத்துனேன், நான்தான் கட்டிக் குடுத்தேன்.

மாப்ள பேரு வனராசு. நல்ல பையன்தான், சொல்லக் கூடாது. ஆனா வாயில்லாத பூச்சி. அவுங்க மூணு தலைமுறையா இந்த மலையில இருக்குறவங்க, எஸ்டேட் லயத்துல, அந்த வரிசை வீட்டுல ஒரு வீடு, கார்டு கேரளாக் கார்டு. கல்யாணம் முடிஞ்ச மறுமாசமே கேட்டான். மதினி, ஈசு பேரை உங்க கார்டுலருந்து எடுத்துக் குடுங்க, என் கார்டுல சேத்துர்றேன்னு. அவன் கேட்டது நாயந்தான். நான்தான் எடுக்கல. அதை எடுத்துட்டா அந்தக் கார்டுல எம்பேரு மட்டும் ஒத்தையா நிக்கும். கடைக்காரர் கார்டை வாங்கிப் பாத்து, ஒரு ஆளுதானான்னு கேப்பாரு. தலைப்பிரசவம் முடியட்டும் மாப்ள, அப்புறம் எடுக்கலாம்னு தள்ளிப் போட்டேன். தலைப்பிரசவம் தாய் வீட்டுல பாக்கணும்ல? அம்மா இல்லன்னா என்ன, தாய் வீடுன்னா நான்தான்.

ஈசு குளிக்காம இருக்கான்னு தெரிஞ்ச அன்னைக்கே எங்க ஊரு நர்சம்மாகிட்டப் போயி பதிஞ்சுட்டேன். ஜெசிந்தான்னு பேரு, தங்கமான மனுசி. ஆனா பதியணும்னா இந்த ஊருல குடியிருக்கணும்ல? என் வீட்டுலதான் இருக்கான்னு சொன்னேன். கார்டுல பேரு இருக்கு, யாரு என்ன கேக்கப் போறா? மாசா மாசம், கீழருந்து மேல தோட்ட வேலைக்கு வந்துட்டுத் திரும்புற ஆளுங்க ஜீப்புல சாயங்காலம் எறங்குவா. மறுநாள் நர்சம்மா பாப்பாங்க. அதுக்கு மறுநாள் விடியக்காலம் வேலையாளு ஜீப்புலயே ஏத்தி விட்டுருவேன். நர்சம்மா எழுதிக் குடுத்த புக்கை மட்டும் நான் குடுத்து விட மாட்டேன். அவ எதையும் தொலைச்சுருவா. கம்மலையே ரெண்டு தடவ தொலைச்சவ.

இங்க வீடு வீடா வந்து விசாரிக்கிற சேச்சி ஒண்ணு இருக்கு, லிசின்னு. சர்க்காரு சுகாதார வேலை. அதுகிட்ட மட்டும் சிக்கிராதன்னு ஈசுகிட்டச் சொல்லி வச்சேன். ரெண்டு மாநிலத்துலயும் எழுதுனா ரெண்டும் செல்லாமப் போயிரும்னு தோட்டத்துல பேசிக்கிட்டாங்க. அந்தச் சேச்சி வந்தா நைட்டிக்கு மேல துண்டை நல்லா இழுத்துப் போத்திக்க, கேட்டா எங்க அக்கா பாத்துக்கிறாங்கன்னு ஒரே பேச்சா முடிச்சுக்கன்னேன். ஈசுக்கு அது புடிக்கல.

"அக்கா, அந்தச் சேச்சி நல்லவங்கக்கா. வாய்க்குப் புடிக்கலன்னதும் மாங்கா ஊறுகா கொண்டாந்து குடுத்தாங்க. அவுங்ககிட்ட எதுக்குக்கா பொய் சொல்லணும்?"

"ஊறுகா வந்து பிரசவம் பாக்குமாடி?"ன்னு கேட்டேன். சிரிச்சா. எது சொன்னாலும் சிரிச்சுருவா. நான் சொன்னாக் கேட்டுக்கிறதும் அவதான். இதுவரைக்கும் நான் சொல்லி அவ கேக்காதது எதுவுமே இல்ல டீச்சரம்மா.

எட்டாம் மாசம் நர்சம்மா சொன்னாங்க, ரத்தம் கொஞ்சம் கம்மியா இருக்கு, மேல அனுப்பாதீங்க, வீட்டுலயே வச்சுக்கங்கன்னு. அவ என் வீட்டுல இல்லாம மேல போயிட்டு வர்றது அவுங்களுக்கு எப்படியோ தெரிஞ்சுருச்சு. சரிங்கம்மான்னேன். ஆனா வளைகாப்புப் போடாம எப்படிக் கூட்டிட்டு வர்றது? ஒம்பதாம் மாசம் வெள்ளிக்கிழமை நாள் குறிச்சாச்சு. நான் சீரு தட்டோட மேல வந்து, வளையல் போட்டு, அஞ்சு வகைச் சோறு கட்டிக் குடுத்து, முறையாத்தான் கூட்டிட்டு எறங்கணும். அதுக்கு முந்தியே வந்து ஒக்காந்தா, அக்காகாரிக்கு வளையல் போட வக்கில்லன்னு பேசுவாங்கள்ல. பச்சையும் செவப்பும் கண்ணாடி வளையல் மூணு டஜன் வாங்கி வச்சுட்டேன். அந்த வளையல் இன்னும் இருக்கு.

வெள்ளிக்கிழமைக்கு மூணு நாளு இருந்துச்சு. செவ்வாக்கிழமை காலையில பத்து மணி, நான் தோட்டத்துல திராட்சைக் குலையில சொத்தைக் காயி கழிச்சுக்கிட்டு இருக்கேன், போன் வந்துச்சு. வனராசு. மதினி, ஈசுக்குத் தண்ணி ஒடஞ்சுருச்சு, ரத்தமும் படுதுன்னான். ஜீப்பு இருக்கான்னு கேட்டேன், இருக்குன்னான். அப்புறம் மெதுவாக் கேட்டான். "இங்கயே காட்டிரவா மதினி?"

நீங்களே சொல்லுங்க டீச்சரம்மா, நான் என்ன சொல்ல முடியும்? புக்கு எங்கிட்ட இருக்கு. எழுதுனது எல்லாம் கீழ. அவ பேரு அந்தப் பக்கம் ஒரு நோட்டுலயும் இல்ல. அங்க கொண்டு போயி நிறுத்துனா யாரு நீன்னுதான கேப்பாங்க? எங்கப்பா கத்துனது எனக்கு ஞாபகம் வருது. "கிறுக்கு புடிச்சிருச்சா ஒனக்கு? கார்டு இல்ல, புக்கு இல்ல, யாரு பாப்பாங்க? பேசாமக் கீழ கொண்டா, நான் வாசல்ல நிக்கிறேன்"னு சொன்னேன். அவன் சரிங்க மதினின்னான். வாயில்லாத பூச்சின்னு சொன்னேன்ல.

நான் ஒண்ணும் தப்பாச் சொல்லல. நல்லதுக்குத்தான் சொன்னேன்.

அந்த ஜீப்புக்காரன் வெரசா ஓட்டியிருக்கணும். ரோடும் அப்படி. செக்போஸ்ட்டுல வேற ஒரு லாரி குறுக்க நின்னுச்சாம். யாரைச் சொல்றது? எல்லையில இருக்குற மெட்டு தாண்டி எறங்குற மூணாவது வளைவுல இவன் வந்துட்டான். கூட வந்த லயத்து அம்மா ஒண்ணு பிள்ளையப் புடிச்சு, வனராசு துண்டுல சுத்தி, ஈசு நெஞ்சு மேலயே வச்சிருக்கு. அவ பாத்திருக்கா. பாத்துட்டு, அக்கா மூக்கு மாதிரி இருக்குன்னு சொன்னாளாம். அதுக்கப்புறம் ரத்தம் நிக்கல. இன்னும் எத்தனை வளைவு, இன்னும் எத்தனை வளைவுன்னு கேட்டுக்கிட்டே வந்திருக்கா.

நான் ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கிறேன். புக்கைக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறேன். பன்னெண்டு மணி வெயிலு. ஜீப்பு வந்து நின்னதும் ஓடி வந்து தூக்குனாங்க, நான் பின்னாலயே ஓடுறேன். டாக்டரம்மாகிட்ட அந்தப் புக்கை நீட்டுறேன், அம்மா, எல்லாம் இதுல இருக்கும்மா, மொத மாசத்துலருந்து ஒண்ணு விடாம இருக்கும்மாங்குறேன். அவுங்க வாங்கவே இல்ல டீச்சரம்மா. நாடியப் புடிக்கிறாங்க, கண்ணை விரிச்சுப் பாக்குறாங்க. "அதை ஓரமா வைங்கம்மா"ன்னாங்க. ஓரமா வைங்கம்மான்னு. எட்டு மாசம் துணிக்கு அடியில வச்சுக் காப்பாத்துன புக்கு. ஒருத்தரும் அதைத் தொறந்து பாக்கல. ஊரு கேக்கல, பேரு கூட அப்புறந்தான் கேட்டாங்க.

கொஞ்சம் முந்தி வந்திருந்தான்னு அந்த டாக்டரம்மா ஆரம்பிச்சாங்க, அப்புறம் என் மூஞ்சியப் பாத்துட்டு நிறுத்திட்டாங்க. 

அழுகாதீங்கன்னு சொல்லாதீங்க. நான் அழுகல. கண்ணுல காத்துப் பட்டா இப்படித்தான்.

இவன் பொறப்பை எழுதப் போனப்ப ஆபீசுல கேட்டாங்க, எந்த ஊருல பொறந்தான்னு. ரோட்டுலங்குறேன். ஓடுற வண்டியில பொறந்தா வண்டி மொதல்ல எங்க நின்னுச்சோ அந்த ஊருன்னு போடணுமாம். எங்கம்மா நின்னுச்சுன்னு கேக்குறாங்க. கீழதான் நின்னுச்சுன்னு சொல்லிட்டேன். இவனை என் கார்டுல சேக்கணும்னு நான் சொல்றேன், எம்பிள்ள என் கார்டுலதான் இருக்கணும்னு வனராசு சொல்றான். இந்த ஒரு விசயத்துலதான் அவன் என்னை எதுத்துப் பேசியிருக்கான். அஞ்சு மாசமாச்சு. மேல இருக்குற கார்டுலயும் இல்ல, கீழ இருக்குற கார்டுலயும் இல்ல. ஈசு பேரு மட்டும் என் கார்டுல இன்னும் இருக்கு. சர்டிபிகேட் குடுத்தா எடுத்துருவாங்களாம். குடுக்கல.

பதினாறாம் நாள் லிசி சேச்சி மலையெறங்கி எங்க வீட்டுக்கு வந்துச்சு. யாரும் கூப்பிடல, அதுவா விசாரிச்சு வந்துச்சு. ஈசு போட்டாவைப் பாத்துட்டு மொகத்தை மூடிக்கிட்டு அழுதுச்சு. அப்புறம் என் கையப் புடிச்சுக்கிட்டு, மலையாளமும் தமிழுமா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நானே வந்து அங்க ஆஸ்பத்திரியிலன்னு என்னமோ சொல்ல வந்துச்சு. இருங்க, காபி போட்டுக் கொண்டாரேன்னு நான் எந்திரிச்சுட்டேன். வந்தவங்களுக்குக் காபி குடுக்கணும்ல? அது காபியக் குடிச்சுட்டு, ஒரு ஊறுகாப் பாட்டிலைத் தரையில வச்சுட்டுப் போயிருச்சு.

ரெண்டு நாளைக்கு முந்தி வனராசு கூப்பிட்டான், பிள்ளைய லயத்துக்குக் கொண்டாங்க மதினி, கண்ணுலயே நிக்கிறான்னு. அதான் வந்தேன். இன்னைக்கு அவன் வேலைக்குப் போனதுக்கப்புறந்தான் இவனுக்கு ஒடம்பு சுட ஆரம்பிச்சுச்சு. போன் பண்ணிச் சொன்னேன், மாப்ள, புக்கு கீழ இருக்கு, நான் பஸ்ஸப் புடிச்சுக் கீழ போறேன்னு. அப்பத்தான் அவன் சொன்னான்.

"மதினி, அன்னைக்கு நான் இந்த ஆஸ்பத்திரி கேட்டு முன்னால ஜீப்பை நிறுத்திட்டுதான் உங்களுக்குப் போன் பண்ணேன்."

கேட்டு முன்னால. அந்தா, அந்தப் பச்சைக் கேட்டு. 

அஞ்சு மாசமா சொல்லல டீச்சரம்மா. ஒரே வீட்டுல ஒக்காந்து சோறு தின்னுருக்கோம், காரியம் பண்ணியிருக்கோம், சொல்லல. நானும் அன்னைக்குக் கேக்கல. எங்கடா நிக்கிறன்னு ஒரு வார்த்தை கேக்கணும்ல? ஜீப்பு இருக்கான்னு கேட்ட வாயி, எங்க நிக்கிறன்னு கேக்கல. ஈசு உள்ள படுத்துக்கிட்டு அந்தக் கேட்டைப் பாத்துக்கிட்டே இருந்திருப்பா. எங்க அக்கா சொல்லிருச்சுன்னா சரியாத்தான் இருக்கும்னு இருந்திருப்பா.

இன்னைக்கு அவன், வேலையப் போட்டுட்டு வர்றேன், பஸ் ஸ்டாண்டுலயே இருங்க மதினின்னான். அவன் வந்தா இங்கதான் காட்டணும்பான். அதான் அவன் வர்றதுக்குள்ள ஏறி ஒக்காந்துட்டேன். இந்த டிரைவரு பாத்தா எந்திரிக்க மாட்டேங்குறாரு.

எந்திரிச்சுட்டாரா? ஆமா, பேப்பரை மடிச்சுட்டாரு.

டீச்சரம்மா, கொஞ்சம் இவனைத் தொட்டுப் பாருங்க. நான் பாத்தா எனக்கு ஒண்ணும் தெரிய மாட்டேங்குது. உதடு காஞ்சிருக்கா? கண்ணு உள்ள போயிருக்கா? காலையிலருந்து ஒண்ணுக்கே போகல. அழுகவும் இல்ல. நான் இவன் சமத்தாத் தூங்குறான்னு நெனச்சேன். சமத்துத்தான? ஈசுவும் இப்படித்தான், சின்னதுல அழுகவே மாட்டா.

உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அஞ்சு மாசமா நான் ஒருத்தர்கிட்டயும் கேக்காதது. அந்தச் சேச்சிகிட்டக் கேக்கல, நர்சம்மாகிட்டக் கேக்கல. நீங்க தினமும் இங்க வந்து போறவங்க, உங்களுக்குத் தெரியும். அந்த ஆஸ்பத்திரியில, புக்கு இல்லாமப் பாப்பாங்களா? 

இருங்க, ஒடனே சொல்லாதீங்க. பாக்க மாட்டாங்கன்னு நீங்க சொன்னீங்கன்னா, நான் அன்னைக்குச் சொன்னது சரி. இப்படியே ஒக்காந்து கீழ போயிருவேன். பாப்பாங்கன்னு சொன்னீங்கன்னா, இவனைத் தூக்கிக்கிட்டு எறங்கி ஓடணும். ஓடுவேன். ஆனா அதுக்கப்புறம் எங்க ஈசுவை நான் எந்த மொகத்தோட நெனைப்பேன்? 

வண்டி ஸ்டார்ட் பண்ணிட்டாரு. சொல்லுங்க. எனக்குப் பாத்துச் சொல்லாதீங்க, பிள்ளையப் பாத்துச் சொல்லுங்க.

தலையாட்டிட்டீங்க.

கண்டக்டரே, நிறுத்துங்க, எறங்கணும். பையை மட்டும் எடுத்துக் குடுங்க டீச்சரம்மா. நீங்களும் வர்றீங்களா? உங்க பஸ்ஸு போயிருமே. சரி, புடிங்க, நான் பிள்ளைய வச்சுக்கிறேன். படி ஒசரம், பாத்து. அந்தக் கேட்டுத்தான? உள்ள போனதும் மொதல்ல என்ன சொல்லணும்? ஊரு சொல்லணுமா? புக்கு கீழ இருக்குன்னு சொல்லணுமா? வேணாமா? பிள்ளைக்கு முடியலன்னு மட்டும் சொன்னாப் போதுமா?

அம்புட்டுத்தானா டீச்சரம்மா?

அம்புட்டுத்தானா?